ஞாயிறு வகுப்புக்கு மட்டும் போங்கள்: ஒரு நெட் கணிதப் பயிற்சி மையம்

எம்.எஸ்ஸி. கணிதம் முடித்த பிறகு, கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வுக்காக மதுரையில் ஒரு பயிற்சி மையத்துக்கு ஓராண்டு போனேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. வார இறுதி வகுப்பு. கட்டணம் 18,000 ரூபாய், இரண்டு தவணை. சிவகங்கையிலிருந்து காலை பஸ்ஸில் ஏறி மாட்டுத்தாவணியில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். இரண்டாவது மாடி, கீழே ஜெராக்ஸ் கடை. ஒரு பெரிய கூடத்தை மரத்தடுப்பு வைத்து இரண்டாக்கியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் வேதியியல். அவர்கள் சிரித்தால் எங்களுக்குக் கேட்கும். நாங்கள் சிரித்ததில்லை.

சனிக்கிழமையை எடுத்துக்கொள்கிறேன், சீக்கிரம் முடித்துவிடலாம். தேர்வு மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். முதல் பகுதி பொதுத்திறன்: 20 கேள்விகளில் 15-க்கு விடை எழுத வேண்டும், தலா 2. இரண்டாம் பகுதியில் 40-க்கு 25, தலா 3. மூன்றாம் பகுதியில் 60-க்கு 20, தலா 4.75. ஆக, பொதுத்திறனுக்கு 30, மூன்றாம் பகுதிக்கு 95. இந்த மையத்திலோ சனிக்கிழமை முழுவதும் பொதுத்திறன்தான். கடிகார முள்கள், நாள்காட்டி, எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள். பத்தாம் வகுப்பிலேயே அந்த ரயில்களை நான் அனுப்பி வைத்துவிட்டேன்.

மூன்றாம் பகுதிக்கு அவர்கள் சொன்ன வழி ஒன்றே ஒன்று: “அங்கே மதிப்பெண் கழியாது, எதையாவது குறித்துவிட்டு வாருங்கள்.” கழியாது என்பது உண்மை. முதல் இரண்டு பகுதிகளில் தவறான விடைக்குக் கால் பங்கு போகும், இங்கே போகாது. ஆனால் இங்கே சரியான விடை ஒன்றாகவும் இருக்கலாம், நான்காகவும் இருக்கலாம்; எல்லாவற்றையும் குறித்தால்தான் மதிப்பெண், ஒன்றை விட்டாலும் பூஜ்யம். நான்கு விடைகளிலிருந்து குறிக்கக்கூடிய விதங்கள் பதினைந்து. கண்ணை மூடிக்கொண்டு குறிப்பவருக்குப் பதினைந்தில் ஒரு வாய்ப்பு. கணிதம் சொல்லித்தரும் இடத்தில் இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டவில்லை.

நேரியல் இயற்கணிதத்துக்கு வந்தவர் இளைஞர், நல்லவர், வேகமானவர். அவர் மந்திரம், “மூலைவிட்ட அணியைப் போட்டுப் பாருங்கள்.” எந்தக் கேள்வியானாலும் ஒரு மூலைவிட்ட அணியை, அதாவது மூலைவிட்டத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் 0 உள்ள மேட்ரிக்ஸை எடுத்து, பொருந்தாத விடைகளை அடித்துவிட்டு மிஞ்சியதைக் குறிக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் பல முறை பலித்தது, மறுக்கவில்லை. பிறகு ஒரு மாதிரித் தேர்வில் ‘ஓர் அணியின் வர்க்கம் பூஜ்யம் என்றால் பின்வருவனவற்றில் எவை சரி’ என்று வந்தது. மூலைவிட்ட அணியின் வர்க்கம் பூஜ்யமானால் அந்த அணியே பூஜ்யம்தான். அதனால் ‘அணி பூஜ்யம்’ என்பதும் சரியாகத் தெரிந்தது, ‘அணித்தரம் (ஒன்றையொன்று சாராத நிரைகளின் எண்ணிக்கை) அளவில் பாதியைத் தாண்டாது’ என்பதும் சரியாகத் தெரிந்தது. இரண்டையும் குறித்தேன். என் வரிசையில் இருந்த எல்லோரும் குறித்திருந்தார்கள். வலது மேல் மூலையில் ஒரே ஒரு 1, மற்ற மூன்று இடமும் 0 என்று ஒரு சின்ன அணியை எழுதிப் பார்த்திருந்தால் முதல் விடை அங்கேயே செத்திருக்கும்.

கையேடுகள் ஆறு தருவார்கள். அச்சு தெளிவு. ஆனால் குலக்கோட்பாட்டுக் கையேட்டில், ஒரு குலத்தின் (குரூப்) வரிசை, அதாவது உறுப்புகளின் எண்ணிக்கை, இரண்டு வெவ்வேறு பகா எண்களின் பெருக்கலாக அமைந்தால் அது சக்கரக் குலம், அதாவது ஒரே உறுப்பிலிருந்து மற்ற எல்லாவற்றையும் பெறக்கூடிய குலம், என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. நிபந்தனை எதுவும் இல்லை. நான் அதை மஞ்சள் வண்ணம் தீட்டி மனப்பாடம் செய்துவைத்திருந்தேன்.

இனி ஞாயிறு.

ஞாயிறு காலை வருபவர் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். கையேட்டை அவர் திறப்பதே இல்லை. நான் அந்த மஞ்சள் வரியை ஒப்பித்ததும், “ஆறு வரிசையில் எத்தனை குலம் தெரியும் அம்மா?” என்றார்.

“இரண்டு சார்.”

“இரண்டும் சக்கரக் குலமா?”

மூன்று பொருள்களை இடம் மாற்றி அடுக்கும் ஆறு வழிகளும் சேர்ந்து ஒரு குலம். அதில் எதை முதலில் செய்கிறோம் என்பது மாறினால் விடையும் மாறும்; சக்கரக் குலத்தில் மாறாது. எம்.எஸ்ஸி. முதல் பருவத்திலேயே படித்ததுதான். ஆறு என்பது இரண்டு பெருக்கல் மூன்று என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்து 15-ஐயும் 21-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். சைலோ தேற்றப்படி, வரிசை 3 கொண்ட உட்குலங்களின் எண்ணிக்கையை 3-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 15 என்றால் அந்த எண்ணிக்கை 5-ஐயும் வகுக்க வேண்டும். 1-ஐத் தவிர வேறு வழியில்லை, அதனால் 15 வரிசைக் குலம் சக்கரக் குலம்தான். 21 என்றால் 7-ஐ வகுக்க வேண்டும். அங்கே 7-க்கும் மீதி 1 தான். “இந்த வீட்டில் கதவு திறந்திருக்கிறது, ஆள் வந்துவிடுவான்” என்று சொல்லிவிட்டு, வந்த ஆளையும், அதாவது சக்கரமல்லாத ஒரு 21 வரிசைக் குலத்தையும் எழுதிக் காட்டினார். ஒன்றரை மணி நேரம் இரண்டே எண்கள். பக்கத்துப் பையன், “சிலபஸ் முடியாது போலிருக்கிறதே” என்றான். முடியவும் இல்லை, டோபாலஜியில் பாதி மிச்சம்.

கரும்பலகையின் இடது மூலையை மட்டும் அவர் அழிக்கமாட்டார். அது அவருடைய ‘அடங்காப் பிள்ளைகள்’ பட்டியல். மேலே சொன்ன ஆறு வரிசைக் குலம், அந்த ஒற்றை 1 அணி, நீளம் பூஜ்யமாக இருந்தும் எண்ணி மாளாத புள்ளிகள் கொண்ட கேன்டர் கணம் என்று வாரம் ஒன்று சேரும். எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் இந்தப் பிள்ளைகளை அதன்மேல் ஏவிவிடச் சொல்வார். மூன்றாம் பகுதியை நான் எழுதியது இவர்களை வைத்துத்தான்.

முடிவையும் சொல்லிவிடுகிறேன். உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைக்கவில்லை. மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை கைநழுவியதில் வருத்தம் உண்டு. மையத்தாருக்கு அந்த வருத்தம் இல்லை. வாசல் பிளெக்ஸ் பேனரில் என் படத்துக்குக் கீழே ஜே.ஆர்.எஃப். என்றே போட்டுவிட்டார்கள். தொலைபேசியில் கேட்டதற்கு, அடுத்த பேனரில் திருத்துவதாகச் சொன்னார்கள்.

ஞாயிறு மட்டும் வர முடியுமா என்று கேட்டால், அப்படி ஒரு பிரிவே இல்லை என்பார்கள். எழுந்து படியிறங்கத் தொடங்குங்கள், 6,000 ரூபாய்க்கு வரும். என் தோழி அப்படித்தான் சேர்ந்தாள். வகுப்பு பத்து மணிக்கு, ஒன்பதரைக்கே போய்விடுவது நல்லது. முன்வரிசையில் இடது ஓரமாக உட்காருங்கள். அங்கே மின்விசிறிக் காற்று வராது, ஆனால் பலகையின் அந்த மூலை பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது.