டைம் டைமர் மோட்: படம் வரைய உட்கார்ந்தால் எழுந்திருக்காத பிள்ளைக்கு

ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு) என்றதும் ஓரிடத்தில் உட்காராத பையன்தான் பலருக்கும் நினைவுக்கு வருவான். பெண் பிள்ளைகளிடம் அதிகம் தென்படுவது கவனச்சிதறல் வகை. சத்தமே இருக்காது, ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கூடவே நல்ல அறிவுக்கூர்மையும் இருந்தால் மதிப்பெண் குறையாது, பள்ளியில் யாருக்கும் சந்தேகமும் வராது. வீட்டில் மட்டும் தினமும் மல்லுக்கட்டு: படம் வரைய உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள், வீட்டுப்பாடத்துக்கு உட்காரவே மாட்டாள். நேரம் ஓடுவது அவளுக்கு உறைப்பதில்லை. மீதி நேரத்தைக் கண்ணுக்குக் காட்டும் இந்த டைமர் உதவுவது அந்த ஓர் இடத்தில்தான்.

அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜான் ரோஜர்ஸ் என்ற தாய், "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று ஓயாமல் கேட்ட தன் சின்ன மகளுக்காக 1994இல் உருவாக்கியது டைம் டைமர். மோட் அதில் கையடக்க மாடல். சிலிக்கோன் உறை, ஒரே ஒரு ஏஏ பேட்டரி. நடுவிலுள்ள திருகை இடப்பக்கமாகத் திருப்பினால் சிவப்புத் தட்டு விரியும். நேரம் போகப் போக அது சுருங்கிக்கொண்டே வரும். மீதி எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும். சாவி கொடுக்கும் சமையலறை டைமர் போல டிக் டிக் என்று நச்சரிக்காதது பெரிய நிம்மதி. செல்போன் டைமரோ, பார்க்க எடுத்த கையோடு வேறெங்கோ இழுத்துக்கொண்டு போய்விடும்.

திருகை அவளே திருப்பட்டும். வெறுக்கிற பாடத்துக்கு முதல் வாரம் 10 நிமிடம் போதும். தொடங்குவதுதான் அவளுக்கு மலை. வரைவதற்கு 45 நிமிடம் வையுங்கள். சிவப்பு 5 நிமிட அளவுக்கு வந்ததும் தோளைத் தொட்டு முகப்பைக் காட்டுங்கள், ஏனென்றால் ஆழ்ந்துவிட்டவளுக்குக் குரல் எட்டாது. அந்த 5 நிமிடத்தில் அடுத்து செய்யப்போவதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி படத்தின் மேல் ஒட்டச் சொல்லுங்கள்: "இறகுக்கு நீலம், வால் இன்னும் நீளம்." மனதிலிருக்கும் யோசனை காணாமல் போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் எழுந்திருக்க மறுக்கிறார்கள். சீட்டு இருந்தால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

சில இடங்களில் காரியம் கெடும். "சிவப்பு போவதற்குள் முடி" என்று பெரியவர்கள் மிரட்டினால் இது பிரம்பாக மாறிவிடும்; எல்லாம் கச்சிதமாக வர வேண்டும் என்று தவிக்கும் பிள்ளை பேப்பரைக் கிழித்தே போடுவாள். தட்டையே வெறித்துப் பார்த்துப் பதறுகிறாள் என்றால் கருவியைப் பக்கவாட்டில், தலையைத் திருப்பினால் மட்டும் தெரியும்படி வையுங்கள். முடிவில் வரும் பீப் ஒலிக்குத் திடுக்கிடுகிறவளுக்குப் பின்பக்க சுவிட்சில் அதை அணைத்துவிடலாம். அப்போது முடிந்ததைச் சொல்ல யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. 60 நிமிடத்துக்கு மேல் வைக்க முடியாது. நொடி சுத்தமாக எதிர்பார்க்கவும் கூடாது. கையால் திருப்புவதால் சற்று முன்பின் இருக்கும், ஆகவே மாதிரித் தேர்வுக்கு வேறு கடிகாரம் வேண்டும். செய்யும் வேலைக்கு விலையும் அதிகம்தான். வாங்குவதற்கு முன் ஒரு வாரம், முள் வைத்த சுவர்க்கடிகாரத்தின் கண்ணாடியில் அழியும் மார்க்கரால் 20 நிமிடப் பகுதியை நிரப்பிப் பாருங்கள். அவள் தானாகவே அதை நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினால் தயங்காமல் வாங்கலாம்.