ஊர் பெருகினால் பஸ் கூட்டமும் பெருகுமா?

கோவையின் ஜனத்தொகை வளர்ச்சியையும் டவுன் பஸ் பயணிகளின் வளர்ச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறோம். இரண்டும் ஒரே மாதிரிக் கணக்கு இல்லை.

ஜனத்தொகை தலைக்கணக்கு. 2011 சென்சஸில் மாநகராட்சிக்குச் சுமார் 10.5 லட்சம் பேர். அதே ஆண்டு எல்லை விரிந்து 72 வார்டுகள் 100 ஆனதும் 16 லட்சம். யாரும் புதிதாகக் குடிவரவில்லை.

பஸ் கணக்கோ டிக்கெட்டில் வருவது. மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கும் சூலூரில் ஏறி, காந்திபுரத்தில் மாறி, துடியலூர் வேலைக்குப் போகும் அக்காவுக்கு இரண்டு டிக்கெட். திரும்பி வந்தால் நான்கு. அவர் மாநகராட்சி ஜனத்தொகையிலேயே இல்லை! அப்புறம், 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதனால் கூடிய கூட்டத்துக்கும் ஊர் பெருகியதற்கும் சம்பந்தமில்லை.

என்னைக் கேட்டால், சூலூரையும் சேர்த்த நகரப்பகுதியை எடுத்து, தலைக்கு வருடம் எத்தனை பயணம் என்றுதான் பார்க்க வேண்டும்.