ஓட்டக்காரர் பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம்: சென்னைக்கும் லேவுக்கும் தாங்குமா?

செப்டம்பரில் லேயில் நடக்கும் லடாக் மாரத்தானுக்குக் கிளம்புகிறவர்கள் பலர், தண்ணீரில் போட்டால் நுரைக்கும் உப்பு மாத்திரைக் குழாயைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். பேதிக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்பு-குளுக்கோஸ் தூளான தெருமுனை மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலமே அந்த வேலையைச் செய்துவிடும், விலையும் குறைவு. ஆனால் உறையில் போட்டிருக்கும் அளவில் கரைத்தால் ஓட்டத்துக்கு ஒத்துவராது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2002 சூத்திரப்படி ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9. சோடியம் மட்டும் லிட்டருக்கு 75 மில்லிமோல் (கரைசலில் உப்பின் செறிவை அளக்கும் அலகு). வயிற்றுப்போக்குக்குப் போட்ட கணக்கு இது. பெரும்பாலோர் வியர்வையில் அவ்வளவு சோடியம் இருக்காது. முழு அளவில் கரைத்து ஓடிக்கொண்டே குடித்தால் வாய் கரிக்கும்.

200 மில்லிக்கான சின்னப் பொட்டலத்தை வாங்கி 500 மில்லி தண்ணீரில் கரையுங்கள். சோடியம் லிட்டருக்கு 30 மில்லிமோலாக இறங்கிவிடும். (பேதி என்றால் இந்தக் கணக்கு கூடாது, உறையில் உள்ளபடிதான்.) லிட்டர் பொட்டலம் பயணத்துக்கு வேண்டாம். பிரித்து மடித்து வைத்தால் சென்னைக் காற்றில் மறுநாளே கட்டிதட்டும். ஸ்பூனால் பங்கு பிரித்தால் உப்பும் குளுக்கோஸும் சமமாக வராது.

ஓடும்போது எடுத்துச்செல்லும் மென்குடுவையின் (சாஃப்ட் ஃபிளாஸ்க்) வாய் ஈரமாக இருந்தால் தூள் மரையில் அப்பிக்கொண்டு மூடி ஒழுகும். வாயைத் துடைத்து, காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டித் தூளைக் கொட்டி, பிறகு தண்ணீர் ஊற்றுங்கள்.

சென்னையில் வியர்வை காயாமல் சொட்டும். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது, நடுவில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். போனதையெல்லாம் ஓடும்போதே ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் சரியும். ரத்தத்தில் இருப்பது லிட்டருக்கு 140 மில்லிமோல் வாக்கில். 30 உள்ள தண்ணீர் அதைத் தூக்கி நிறுத்தாது. குளிர் ஊரிலிருந்து வருகிறவருக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை வியர்வையில் உப்பு கூடுதலாகப் போகும், அப்போதுதான் இந்தப் பொட்டலம் காசுக்குத் தகுதி. பழகிய பிறகு ஒரு குடுவையில் உப்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர் போதும்.

லே 3,500 மீட்டர் உயரம். பனியன் காய்ந்தே இருப்பதால் வியர்க்கவில்லை என்று தோன்றும். வறண்ட காற்று உறிஞ்சிக்கொள்கிறது, மூச்சிலும் நீர் போகிறது, சிறுநீரும் கூடும். தாகம் மட்டும் எடுக்காது. குளிர்ந்த தண்ணீர் இறங்காது என்பதால் வெதுவெதுப்பான நீரில் கரைப்பது நல்லது. முதல் இரண்டு நாள் எப்படியும் ஓடக் கூடாது. உயர நோய்க்கு இது மருந்துமல்ல.

பெரிய குறை, தெம்பு கிடையாது. சின்னப் பொட்டலத்தில் குளுக்கோஸ் 2.7 கிராம்தான். ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்துக்குப் பேரீச்சையோ எனர்ஜி ஜெல்லோ தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொட வேண்டாம்.

வாங்கும்போது உறையில் அந்த நான்கு பொருளும் எடையோடு அச்சாகியிருக்கிறதா பாருங்கள். சர்க்கரைப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டுக்கொள்ள 2025 அக்டோபரில்தான் தடை வந்தது.

கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது. கடித்து உறிஞ்சும் வால்வை அன்றன்றே கழற்றிக் கழுவுங்கள். சர்க்கரை தங்கினால் முதலில் பூஞ்சை பிடிப்பது அதன் கீறலுக்குள்தான்.