ஆறு வருஷம் ரேஞ்சராக ஆடியபின்: கான்சன்ட்ரேஷன் என்ற ஒற்றை ஆணி

எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேஜைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சி ஒருத்தி போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து படி இறங்கும்போது கேட்டாள். "அண்ணே, நான் ரேஞ்சர் எடுக்கட்டா? எல்லாரும் வேண்டாம்ணு சொல்லுகாவ." வண்டியை எடுத்துக்கொண்டே "அடுத்த வாரம் சொல்றேன் மக்கா" என்றேன். வடசேரியிலிருந்து வீடு வரும்வரை அதையே யோசித்தேன். ஆறு வருஷம் ஒரே ரேஞ்சரை ஆடியவன் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு: மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதையை நடத்தும் ஆட்டம். ரேஞ்சர் அதில் ஒரு கிளாஸ், அதாவது ஒரு பாத்திர வகை: வில்லும் கொஞ்சம் மந்திரமும் தெரிந்த காட்டுக்காரன். 2018-ல் முதல் லெவலில் தொடங்கி 11-வது லெவல்வரை கொண்டுவந்தேன். முதலில் 2014 விதிகள், 2020 நவம்பருக்குப் பிறகு துணைநூலில் வந்த மாற்றங்கள், கடைசியில் 2024 விதிகள். 

நான் இந்த கிளாஸை எடுத்ததற்குக் காரணம் என் அப்பா. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். சின்ன வயதில் ஒருநாள் கூடப் போனேன். ஒரே மாதிரி நிற்கும் நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடுவே, இருட்டில், எந்த மரத்தில் நேற்று வெட்டுவாய் எங்கே நின்றது என்று அவருக்குத் தெரியும். பாம்பு கிடக்கும் சருகு எது, சும்மா கிடக்கும் சருகு எது என்றும் தெரியும். விதிப்புத்தகத்தில் ரேஞ்சரைப் படித்தபோது எனக்கு அவர்தான் தோன்றினார். வில்லும் மந்திரமும் அப்புறம்தான்.

2014 ரேஞ்சரைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லும் குறை, ஒரு நிலத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. காடு, கடற்கரை, மலை, சதுப்பு என்று எட்டில் ஒன்று. அந்த நிலத்தில் இருக்கும்வரை நீ ராஜா: வழி தவறாது, கூட்டத்தை மெதுவாக்காது, இரட்டிப்பு உணவு தேடித் தருவாய். அதைத் தாண்டினால் எதுவும் இல்லை. எங்கள் டிஎம் அண்ணன், அதாவது கதையை நடத்துபவர், தன் உலகத்தின் வரைபடத்தை நம் குமரி மாவட்டத்தைப் பார்த்துதான் வரைந்திருந்தார். நம் ஊரில் பாலை தவிர மற்ற நான்கு நிலமும் உண்டு என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்களே, அந்தக் கணக்கு. கீரிப்பாறை, காளிகேசம் மாதிரி ஒரு காடு. அதிலிருந்து இறங்கினால் வயலும் குளமும். இன்னும் கொஞ்சம் போனால் முட்டம் மாதிரி பாறைக் கடற்கரை. நான் காடு எடுத்திருந்தேன். மூன்றாவது செஷனிலேயே கூட்டம் கடற்கரைக்கு இறங்கிவிட்டது. அப்புறம் ஆறாவது லெவல்வரை என் பெரிய திறமை காகிதத்தில் மட்டும் இருந்தது. 2020 மாற்றத்தில் அதற்குப் பதிலாக ஒரு திறனில் இரட்டிப்புத் தேர்ச்சியும், ஆறாம் லெவலில் ஏறும் வேகமும் நீந்தும் வேகமும் கொடுத்தார்கள். முட்டத்துப் பாறைக்கு ஏற்ற மாற்றம்! அந்தக் கோபம் அன்றோடு தீர்ந்தது.

தீராத கோபம் வேறு. போட்ட மந்திரம் கலையாமல் மனதைக் குவித்துப் பிடித்திருக்கச் சொல்லும் விதி: கான்சன்ட்ரேஷன்.

ரேஞ்சரின் மந்திரப் பட்டியலைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஹண்டர்ஸ் மார்க், என்ஸ்னேரிங் ஸ்ட்ரைக், பாஸ் விதவுட் ட்ரேஸ், ஸ்பைக் க்ரோத், கஞ்சூர் அனிமல்ஸ். இந்த கிளாஸ் எதற்காக இருக்கிறதோ அதெல்லாம் இதில்தான் இருக்கிறது: வேட்டையைக் குறிவைப்பது, கொடியால் கட்டுவது, சத்தமில்லாமல் கூட்டத்தை நடத்துவது, வழியில் முள் விரிப்பது, விலங்குகளைத் துணைக்கு அழைப்பது. ஐந்தும் கான்சன்ட்ரேஷன். ஒன்று நிற்கும்போது இன்னொன்றைப் போட்டால் முதலாவது போய்விடும். ஐந்து சட்டை தந்துவிட்டு மாட்ட ஒரே ஓர் ஆணி அடித்த மாதிரி.

அடி விழுந்தால் அந்த ஆணியும் ஆடும். கான்ஸ்டிட்யூஷன் சேவ், அதாவது உடல் தாங்குகிறதா என்று பார்க்கும் பகடை, உருட்ட வேண்டும். 10, அல்லது விழுந்த டேமேஜில் பாதி, எது பெரிதோ அதை எட்ட வேண்டும். ரேஞ்சருக்குத் தேர்ச்சியுள்ள, அதாவது பகடையோடு கூடுதல் எண் சேரும், சேவ் ஸ்ட்ரெங்த்தும் டெக்ஸ்டெரிட்டியும். கான்ஸ்டிட்யூஷன் இல்லை. அடிப்படையில் மந்திரமே இல்லாத ஃபைட்டருக்கு அது இருக்கிறது. நான் இதை எத்தனை முறை படித்தாலும் வயிறு எரிகிறது.

ஒரு செஷனைச் சொல்கிறேன். ஏழாம் லெவல். ஆரல்வாய்மொழி போலவே காற்று அடிக்கும் ஒரு கணவாய். எரிந்துபோன ஊரிலிருந்து ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு நாங்கள் ஐந்து பேர் மூன்று நாளாக நடக்கிறோம். கடைசியாக வருபவர் ஒரு பனையேறிக் கிழவர், கையில் ஓர் ஆட்டுக்குட்டியைக் கயிற்றில் பிடித்திருந்தார். டிஎம் அவருக்குப் பெயர்கூட வைக்கவில்லை, எல்லாரும் தாத்தா என்றே கூப்பிட்டோம். பின்னால் ஆறு நோல்கள், கழுதைப்புலி முகத்துக் கூட்டம். தலைவன்மேல் ஹண்டர்ஸ் மார்க் போட்டிருந்தேன். ஓடி வருவதைப் பார்த்ததும் மார்க்கை விட்டுவிட்டுக் கணவாயின் குறுக்கே ஸ்பைக் க்ரோத் விரித்தேன். 20 அடி ஆரம், ஒவ்வொரு 5 அடிக்கும் 2டி4, அதாவது இரண்டு நாலுமுகப் பகடை அளவு டேமேஜ். பார்வைக்குச் சாதாரணத் தரைதான். நான்கு பேர் முழு வேகத்தில் உள்ளே ஓடினார்கள். மூன்று பேர் பாதி வழியிலேயே விழுந்தார்கள். மேஜையே எழுந்து நின்று கத்தியது. அந்த ஆறு வருஷத்தில் என் மிகச் சிறந்த நொடி அது.

அடுத்த சுற்றில், வெளியே நின்ற இருவர் வில் எடுத்தார்கள். ஓர் அம்பு என்மேல் பட்டது. டேமேஜ் 6. 10 வேண்டும். இருபது முகப் பகடையான டி20 உருட்டினேன், 7. கான்ஸ்டிட்யூஷனுக்கு 2. ஒன்பது.

முள் போயிற்று. மீதி மூன்று பேர் சமதரையில் ஓடி வந்தார்கள். கயிற்றை விடாமல் இழுத்துக்கொண்டிருந்த தாத்தாதான் முதலில் சிக்கினார்.

இந்த கிளாஸில் நான் எதிர்பார்க்காத இன்பம் குட்பெர்ரி. முதல் லெவல் மந்திரம், கான்சன்ட்ரேஷன் கிடையாது. பத்து பழம் கையில் வரும், ஒன்று தின்றால் ஒரு ஹிட் பாயின்ட், அதாவது ஓர் உயிர்ப்புள்ளி, கூடும், ஒருநாள் பசி அடங்கும். எடுக்கும்போது வேறு எதுவும் தோன்றாமல் எடுத்தேன். அந்தப் பயணத்தில் ஒவ்வொரு ராத்திரியும் தீ மூட்டியதும் ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு பழம் வைப்பேன். மேஜையில் இருப்பவர்கள் நிஜமாகவே கையை நீட்டுவார்கள். டிஎம் அண்ணன் ஊர்க்காரர்களுக்காக ஐந்து முறை கை நீட்டுவார். பத்துப் பேர், பத்துப் பழம். எவ்வளவு டேமேஜ் அடித்தோம் என்ற பேச்சே அந்த நேரத்தில் வராது. காவல் நிற்பவன் என்றால் இதுதான் என்று எனக்கு அங்கேதான் பிடிபட்டது. கணவாய் முடிந்த ராத்திரி அண்ணன் நான்கு முறை மட்டும் நீட்டினார். என் கையில் ஒரு பழம் மிச்சம் இருந்தது. 24 மணி நேரத்தில் அதன் சக்தி போய்விடும் என்று விதி. யாரும் அதைத் தின்னவில்லை.

2024 விதிகள் வந்தபோது முதலில் தேடிப் படித்தது ரேஞ்சர் பக்கத்தைத்தான். ஹண்டர்ஸ் மார்க் எப்போதும் தயார், முதல் லெவலிலேயே நாளுக்கு இரண்டு முறை ஸ்லாட், அதாவது மந்திரத்துக்கான நாள் கணக்கு, செலவில்லாமல். நல்லது. 13-வது லெவலில் அடி விழுந்தாலும் மார்க் கலையாது. அதுவும் நல்லது, நாங்கள் அதுவரை போகவில்லை. ஆனால் மார்க் இன்னும் கான்சன்ட்ரேஷன்தான். முள் விரித்தால் போய்விடும். 20-வது லெவலின் உச்சப் பரிசு, அந்த மார்க் கூட்டித்தரும் டி6 டேமேஜ் டி10 ஆவது. சராசரியில் அடிக்கு 2 கூடும். இருபது லெவல் காட்டில் அலைந்தவனுக்கு இதுவா? 1975-ல் முதன்முதலில் இந்த கிளாஸ் அச்சில் வந்தபோதே அரக்கர் இனத்துக்கு எதிராகக் கூடுதல் டேமேஜ் இருந்தது. அதற்கு கான்சன்ட்ரேஷன் என்று எதுவும் தேவைப்படவில்லை. வில்லையும் மந்திரத்தையும் சேர்த்து ஆள வந்தவனை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஒவ்வொரு முறையும் நிறுத்துகிறார்கள். இது சின்னக் குறை இல்லை.

நியாயமாகச் சொன்னால், என் மேஜையில் இருந்தவர்கள் யாரும் என்னால் பின்தங்கவில்லை. ஐந்தாம் லெவலுக்குப் பிறகு வில்லோடு நின்றால் அடி நன்றாகவே விழும். மறைந்து நடக்கும்போது பாஸ் விதவுட் ட்ரேஸ் தரும் கூடுதல் 10, இரும்புக் கவசம் போட்ட ஃபைட்டரைக்கூடக் காப்பாற்றும். இந்த கிளாஸை ஆடிய ஞாயிற்றுக்கிழமைகளை வேறு எதற்கும் கொடுக்க மாட்டேன்.

தங்கச்சி, என் பதில்: வேண்டாம். காடுதான் வேண்டும் என்றால் ட்ரூயிட் கிளாஸ் எடு. குட்பெர்ரி அதற்கும் உண்டு. மந்திரம் இன்னும் நிறைய. இன்றைக்கு இதை எழுதி முடிக்கும்போது எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

எடுத்தே தீருவேன் என்றால் ஒன்று மட்டும் கேள். கான்ஸ்டிட்யூஷனை 13-ல் வை. நாலாவது லெவலில் வில்லுக்கான ஃபீட்டை, அதாவது கூடுதல் திறமையை, எல்லாரும் எடுக்கச் சொல்வார்கள், எடுக்காதே. ரெசிலியன்ட் என்ற ஃபீட்டை எடுத்துக் கான்ஸ்டிட்யூஷனில் போடு. 14 ஆகும், சேவுக்குத் தேர்ச்சியும் வரும். ஏழாம் லெவலில் தேர்ச்சிக்கு 3. அன்றைக்குக் கணவாயில் அது என்னிடம் இருந்திருந்தால் ஏழும் இரண்டும் மூன்றும் பன்னிரண்டு.