வெர்மாண்ட் மேப்பிள் காட்டில் முதன்மைக் குழாய் அமைத்த நிறுவனத்தின் வேலை எப்படி?

அமெரிக்காவின் வடக்கு வெர்மாண்டில் உள்ள எங்கள் சர்க்கரை மேப்பிள் காட்டில், மரச்சாற்றை, அதைப் பாகாகக் காய்ச்சும் கொட்டகைக்குக் கொண்டுவரும் முதன்மைக் குழாயை உள்ளூர் நிறுவனம் ஒன்று இலையுதிர்காலத்தில் அமைத்துக் கொடுத்தது. அவர்களின் வேலை எனக்கு மிகுந்த திருப்தி அளிக்கிறது.

முக்கால் அங்குல பாலிஎத்திலீன் குழாயைத் தாங்குவதற்கான உறுதியான எஃகுக் கம்பியை முதலில் இழுத்துக் கட்டி, பக்கக் கம்பிகளால் விறைப்பாக்கி, சரிவு 100 அடிக்கு 2 அடிக்குக் குறையவில்லை என்று இடத்துக்கு இடம் அளந்த பிறகே குழாயை அதில் பிணைத்தார்கள். இந்தப் பொறுமைக்குத்தான் காசு கொடுக்க வேண்டும். குழாய் ஓரிடத்தில் தொய்ந்தாலும் சாறு அங்கே தேங்கி இரவில் உறைந்து, மறுநாள் வெயில் ஏறிய பின்னும் மேலிருந்து வரும் ஓட்டத்தை மறித்துவிடும். சாற்றைக் குழாய் வழியே உறிஞ்சும் வெற்றிட பம்பின் இழுப்பும் கடைசி மரங்களை எட்டாது. கம்பி மரப்பட்டையை அறுக்காதபடி, அது மரத்தைச் சுற்றும் இடங்களில் பழைய குழாய்த் துண்டுகளைக் கோத்திருந்தார்கள். மரத்தின் மீதான அந்த அக்கறை மனதை நிறைத்தது.

ஒரே குறை: மரங்களிலிருந்து முதன்மைக் குழாய்க்குச் சாற்றைக் கொண்டுவரும் கிளைக் குழாய்கள் சிலவற்றில் பத்து மரங்கள் வரை இணைத்துவிட்டார்கள். ஒரு லிட்டர் பாகுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் சாறு தேவைப்படும் தொழிலில் ஒவ்வொரு மரத்தின் சாறும் முக்கியம்; அதனால் ஒரு கிளைக்கு, சாறு எடுக்க மரத்தில் போடும் துளைகள் ஐந்தே போதும் என்பதை வேலை தொடங்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.