லீவுக்கு ஊர் வருகிறவர்களுக்கு: குமரியில் பராமரிப்பு பற்றி யார் பேச வேண்டும்?

மூன்று வார லீவில் நாகர்கோவில் வந்து இறங்கும் பிள்ளைகள் அம்மா அப்பாவுக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறார்கள். பென்ஷன், அடையாள அட்டை, ரேஷன் எல்லாவற்றுக்கும் பிள்ளைதான் பேசுகிறது. சேவை யாருக்கோ அவர் வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறார்.

குமரியில் சேவைகள் வீட்டு நடை வரை வந்துவிட்டன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. 2025 ஆகஸ்டில் வந்த தாயுமானவர் திட்டத்தில் முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீடுகளுக்கு ரேஷன் வருகிறது. எந்த நேரத்தில், எந்த விதமாக வந்தால் உதவும் என்பதை அவர்களிடமே கேட்பதுதான் போதவில்லை.

இங்கிலாந்தில் 2014 பராமரிப்புச் சட்டப்படி ஒருவரின் தேவையை மதிப்பிடும்போது அவரைச் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். நம் ஊரில் அப்படிப் பேசக் கையருகே இருக்கும் இடம் உள்ளாட்சி. கிராம சபை ஆண்டுக்கு 6 நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆனால் இந்த மாவட்டத்தில் பேரூராட்சிகள் மிக அதிகம். கிராமம் என்று நாம் சொல்லும் பல ஊர்கள் பேரூராட்சிக்குள் இருப்பதால் அங்கே கிராம சபை கிடையாது. வார்டு உறுப்பினரையும், வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபையையும்தான் பிடிக்க வேண்டும். வீட்டு வரி ரசீதைப் பார்த்தால் உங்கள் ஊர் ஊராட்சியா பேரூராட்சியா என்று தெரிந்துவிடும். உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025இல் சட்டம் திருத்தப்பட்டது. நடமாட முடியாத முதியோரின் குரலையும் அவர்கள் வழியாகக் கொண்டுபோகலாம்.

சபைக்குப் போகுமுன் வீட்டில் பேசுங்கள். "எல்லாம் வசதியா இருக்கா?" என்று கேட்டால், "ஒரு குறையும் இல்ல மக்கா" என்றுதான் பதில் வரும். லீவில் வந்த பிள்ளையை வருத்தப்படுத்த யாருக்கும் மனம் வராது. "நேத்து குளிக்கத் தண்ணி கோரித் தந்தது யாரு? ராத்திரி பாத்ரூமுக்கு எப்படிப் போனீங்க?" என்று கேளுங்கள். காது மிஷின் இருந்தால் பேட்டரியைப் பார்த்துவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். சேவைக்காக வீட்டுக்கு வரும் பணியாளர் கேள்வி கேட்கும்போது நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் பதில் உங்களைப் பார்த்துத்தான் வரும்.

கோரிக்கை அளவோடு இருக்க வேண்டும். "சாய்வுப் பாதை வேண்டும்" என்று மட்டும் எழுதினால், மூன்று படி மேல் இரண்டு மீட்டர் சிமென்டைப் பூசிவிட்டுப் போவார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது. இறங்கும்போது ஆளைக் கவிழ்த்துவிடும். விதி 1க்கு 12, அதாவது உயரத்தைப் போல 12 மடங்கு நீளம். மூன்று படியும் சேர்ந்து 45 சென்டிமீட்டர் உயரம் என்றால் பாதை 5.4 மீட்டர் நீளம் வேண்டும். மேலே நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் சமதளம், இருபுறமும் கைப்பிடி, 90 சென்டிமீட்டர் அகலக் கதவு. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர், வழுக்காத சொரசொரப்பும் வேண்டும். கான்கிரீட் போடுமுன், கயிறு கட்டி அளவு குறிக்கும் நாளிலேயே நாற்காலியில் இருப்பவரை அங்கே கூப்பிடுங்கள். போட்ட பிறகு அவர் சொல்லும் குறையைத் திருத்த உடைத்துத்தான் ஆக வேண்டும். உடைக்க யாரும் பணம் ஒதுக்குவதில்லை.

கூட்டம் நடக்கும் இடத்தையும் முதல் நாளே போய்ப் பாருங்கள். படி உள்ள ஹாலா, நாற்காலி எத்தனை, போகக்கூடிய கழிப்பறை இருக்கிறதா என்று கேளுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும். அன்று காலையில் கேட்டால் கிடைக்க மாட்டார். கோரிக்கையைப் பாட்டாவோ பாட்டியோ தங்கள் பேச்சிலேயே சொல்லட்டும். விளவங்கோடு பக்கத்து மலையாளம் கலந்த தமிழை ஆபீஸ் தமிழாக்கினால் பாதி விஷயம் தொலைந்துபோகும்.

வருகைப் பதிவேட்டில் போடும் கையெழுத்து தீர்மானத்துக்குச் சாட்சி ஆகாது. சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று வாசிக்கச் சொல்லி, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நகல் தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடலாம்; பதிலுக்கு 30 நாள் கெடு. உங்கள் லீவு அதற்குள் முடிந்துவிடும் என்பதால் மனுவை அம்மா பெயரிலேயே, ஊர் முகவரிக்கே போடுங்கள்.