காலேஜ் மூடியாச்சு, ரேடியோ இன்னும் ஓடுது: டபிள்யூஎஃப்எம்யூ 91.1

நியூயார்க், நியூஜெர்சி பக்கம் இருக்கற நம்மாளுங்க கார்ல ஏறினதும் ஃபோன ப்ளூடூத்ல போட்டு ராஜா பாட்ட ஓட விட்டுட்டு போயிடறோம், எஃப்எம் பட்டன் பக்கமே போறதில்ல. ஒரு தடவ 91.1 வச்சு பாருங்க. ஜெர்சி சிட்டில இருந்து ஓடற டபிள்யூஎஃப்எம்யூ. சென்னைல மதுரைல இருக்கறவங்களும் நெட்ல காசில்லாம கேக்கலாம். விளம்பரம் சுத்தமா கிடையாது, "இந்த நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குவது"ன்னு கம்பெனி பேர் சொல்ற சமாச்சாரம் கூட கிடையாது.

இதோட கதை தெரிஞ்சா இன்னும் பிடிக்கும், அதனால கொஞ்சம் பொறுத்துக்கோங்க. நியூஜெர்சில ஈஸ்ட் ஆரஞ்ச்ங்கற ஊர்ல உப்சாலா காலேஜ்னு ஒண்ணு இருந்துச்சு, ஸ்வீடன்ல இருந்து வந்த லூத்தரன் கிறிஸ்தவங்க 1893ல ஆரம்பிச்சது. அந்த காலேஜ் 1958 ஏப்ரல்ல தொடங்கின ஸ்டேஷன்தான் இது. அமெரிக்கால எஃப்எம்ல 88ல இருந்து 92 வரைக்கும் லாப நோக்கமில்லாத, கல்வி சம்பந்தப்பட்ட ஸ்டேஷனுக்குன்னே ஒதுக்கி வச்சிருக்காங்க, 91.1 வந்தது அப்படித்தான். முதல் பத்து வருஷம் பெருசா சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. 1967-68 வாக்குல வின் ஸ்கெல்சா மாதிரி சில பசங்க உள்ள வந்து, என்ன பாட்டு போடணும்னு லிஸ்ட் எவனும் தரக்கூடாது, மைக் முன்னாடி உக்காந்திருக்கறவன் இஷ்டம்தான்னு ஆரம்பிச்சாங்க. இத ஃப்ரீஃபார்ம்னு சொல்வாங்க. நிர்வாகத்துக்கும் பசங்களுக்கும் ஒத்து வரல, 69 ஆகஸ்ட் கடைசில மொத்தமா வெளிய வந்துட்டாங்க, ஸ்டேஷன் பல மாசம் ஊமையா கிடந்துச்சு. அப்புறம் திரும்ப வந்து, மெல்ல மெல்ல அதே வழிக்கே போயிருச்சு. 1985ல கென் ஃப்ரீட்மன் மேனேஜரா வந்தாரு. 91ல இருந்து 94 வரைக்கும் தொடர்ந்து நாலு வருஷம் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை நாட்டுலயே பெஸ்ட் ஸ்டேஷன்னு இதத்தான் எழுதுச்சு.

ரேடியோக்கு இவ்ளோ பேர், ஆனா காலேஜ் கடன்ல மூழ்கிட்டு இருந்துச்சு. லைசென்ஸ் காலேஜ் பேர்ல இருக்கு, காலேஜ் திவாலானா லைசென்ஸும் ஏலத்துக்கு போயிரும். இது புரிஞ்சு போய் ஸ்டேஷன்காரங்களும் கேக்கறவங்களும் ஆரிக்கிள் கம்யூனிகேஷன்ஸ்னு ஒரு அமைப்ப வச்சு 1994ல லைசென்ஸ விலைக்கு வாங்கிட்டாங்க, அடுத்த வருஷமே 1995ல காலேஜ் இழுத்து மூடியாச்சு. வீட்டு ஓனர் நொடிச்சு போறதுக்கு முந்தின நாள் குடியிருந்தவன் பத்திரம் பதிஞ்ச மாதிரி. அப்புறம் 98ல ஜெர்சி சிட்டிக்கு வந்து சொந்த பில்டிங்ல உக்காந்தாங்க.

எல்லா காலேஜ் ஸ்டேஷனுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்ல. ஹூஸ்டன்ல ரைஸ் யூனிவர்சிட்டி பசங்க நடத்தின கேடிஆர்யூ ரேடியோவோட 91.7 அலைவரிசைய நிர்வாகம் 9.5 மில்லியன் டாலருக்கு ஹூஸ்டன் யூனிவர்சிட்டிக்கு வித்துருச்சு, 2011ல கை மாறிருச்சு. ரைஸ் ஒண்ணும் திவாலாகல, நல்லா பணக்கார யூனிவர்சிட்டிதான். அதுதான் எனக்கு இன்னும் கடுப்பு.

சரி, கேக்க எப்படி இருக்கு? சத்தியமா சொல்றேன், எல்லா நேரமும் கேக்க முடியாது. ஒரு ஷோல அருமையான சோல் மியூசிக் (அமெரிக்க கறுப்பினத்தவங்களோட பாட்டு வகை) போகும், அடுத்த ஆள் வந்து மிக்ஸில ஆணி போட்ட சத்தத்த மூணு மணி நேரம் விடுவாரு, அதையும் ரசிச்சு கமெண்ட் போட பத்து பேர் இருப்பாங்க. எதுவும் அல்காரிதம் எடுத்து தர்றது இல்ல, எல்லாம் ஒரு மனுஷன் வீட்ல பொறுக்கி எடுத்து வந்து போடறது, டிஜே யாருக்கும் சம்பளமும் கிடையாது. நான் முதல்ல கேக்க சொல்றது மைக்கேல் குமெல்லாவோட பழைய கிராமபோன் நிகழ்ச்சி. 1920கள் வாக்குல வந்த இசைத்தட்டையெல்லாம், சாவி கொடுத்து சுத்தற நிஜமான கிராமபோன்ல வச்சே ஓட்டுவாரு, அந்த கரகரப்போட கேக்கறது தனி சுகம். பேச்சு வேணும்னா செவன் செகண்ட் டிலேன்னு ஒரு ஷோ இருக்கு, கென் ஃப்ரீட்மனும் டிவி எழுத்தாளர் ஆண்டி பிரெக்மனும் உக்காந்து ஒருத்தர ஒருத்தர் வாரிட்டு இருப்பாங்க.

நெட்ல சேர்த்து வச்சிருக்கற பழைய ஷோ ஆர்க்கைவ்தான் பெரிய புதையல். பல வருஷ ஷோ அப்படியே கிடக்கு, எந்த பாட்டு எப்ப ஓடுச்சுன்னு லிஸ்டோட. இந்தியால இருக்கறவங்களுக்கு இதுதான் வசதி, அங்க சாயங்காலம் வர்ற ஷோவ லைவா கேக்க நீங்க விடியக்காலைல எந்திரிக்கணும்.

மார்ச் மாசம் மட்டும் உஷார். மாரத்தான்னு ரெண்டு வாரம் நன்கொடை கேப்பாங்க, பாட்டு குறைஞ்சு பேச்சு ஜாஸ்தியா இருக்கும், புதுசா கேக்கறவங்க அப்ப ஆரம்பிச்சா வெறுத்துருவீங்க. ஆனா அந்த காசுலதான் வண்டி ஓடுது, நம்ம சினிமா பாட்டு ஸ்டேஷன்ல நகைக்கடை விளம்பரம் வருஷம் முழுக்க கேக்கறதுக்கு இது எவ்வளவோ தேவல. என் ரேட்டிங் அஞ்சுக்கு நாலரை, அந்த அரை மார்க் ஆணி மிக்ஸிக்காக குறைச்சது.